பேருக்குக் கீழே ஒரு வரி

"…மத்ததெல்லாம் பிரஸ்காரனே போட்டுருவான் அண்ணாச்சி. பேருக்குக் கீழ பொடி எழுத்துல ஒரு வரி விடுவாங்கள்லா, இன்ன வேலை, இன்ன ஆபீசுன்னு? அதுல என்ன போடணும்ங்கத மட்டும் நீங்க சொல்லிருங்க."

சொல்லிவிட்டு அவர் என் மேசைக்கு முன்னால் நின்றார். கையில் ஒரு வெள்ளைத் தாள். மகளின் கல்யாணப் பத்திரிகைக்கு அச்சகத்தில் அடித்துக் கொடுத்த மாதிரிப் படி. மாப்பிள்ளையின் தகப்பனார் பெயருக்குக் கீழே 'பலசரக்கு வியாபாரம், சாத்தான்குளம்' என்று இருந்தது. இவர் பெயருக்குக் கீழே வரிசையாகப் புள்ளிகள்தான் இருந்தன.

அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்துவிட்டு மற்றதை எழுதினால் சரியாக இருக்காது. வார்த்தை வேண்டும் என்று ஒரு மனிதர் என்னைத் தேடி வந்துவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது. பேனா மூடியைக் கழற்றிவிட்டு, "கொண்டாலே இங்கன" என்று தாளை வாங்கினேன்.

தூத்துக்குடியில் கடற்கரைச் சாலையிலிருந்து பிரிகிற ஒரு தெருவில், மாடியில் எங்கள் ஆபீஸ். கப்பலில் வருகிற சரக்குக்கும் போகிற சரக்குக்கும் சுங்கக் காகிதம் போட்டுக் கொடுக்கிற வேலை. நான் அங்கே முப்பது வருஷத்துக்கு மேல் எழுத்தராக இருந்தேன். படிப்பு எட்டாவதோடு சரி. மிச்சமெல்லாம் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய புத்தகங்களிலும், டீக்கடைப் பேச்சிலும் நானாகப் படித்தது. யார் என்ன புதிதாகச் சொன்னாலும் காதில் விழுந்த சூட்டோடு குறித்துக்கொள்ள சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருப்பேன். லாரி டிரைவர் ஒருவர், வராத கப்பலைப் பற்றி, "அது கடலோட கோவிச்சிக்கிட்டு நிக்கி" என்றார். அதற்காக அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். அப்படி ஒரு கிறுக்கு.

அதனால் ஆபீசில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் வாசகம் என்னுடையது. கல்யாணப் பத்திரிகை, சடங்கு வீட்டு பிளக்ஸ், கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். விழா என்றால் மைக்கும் வரும். பேச எழுந்தால் உட்கார மாட்டேன் என்று பெயர். அந்தப் பெயரிலும் எனக்குப் பெருமைதான்.

அவர் எனக்கு நாலு வயது இளையவர். ஆபீசுக்கு வந்து அப்போதே பத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது. என்ன வேலைக்கு வந்தார் என்று கேட்டால் முதலாளிக்கே ஞாபகம் இருக்காது. ஆபீசைத் திறப்பார், பூட்டுவார். காகிதத்தை எடுத்துக்கொண்டு துறைமுக வாசலுக்கும் யார்டுக்கும் எடைமேடைக்கும் பைக்கில் ஓடுவார். நடுவில் டீ வாங்கிவருவார். இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவார். குழாயில் வாசர் மாற்றுவார். முதலாளியின் தகப்பனாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் டோக்கன் வாங்கி உட்கார வைப்பார். ஒரு தடவை வெளிநாட்டுக் கப்பல் ஒன்றின் கேப்டனுக்கு மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டது. கப்பல் கிளம்ப மூன்று மணி நேரம்தான் இருந்தது. அதை வாங்கிக்கொண்டு டவுனுக்குள் போய், கடைக்காரரைச் சாப்பாட்டிலிருந்து எழுப்பி, சரிபண்ணி, கப்பல் ஏணியில் ஏறிக் கையில் கொடுத்துவிட்டு வந்தார். அந்தக் கேப்டன் நன்றி சொல்லி எங்கள் ஆபீசுக்கு எழுதியபோது, ஆங்கிலத்தில் பதில் எழுதியது நான். 'எங்கள் நிறுவனம் எப்போதும் தங்கள் சேவையில்' என்று எழுதினேன். கண்ணாடியை யார் கொண்டுபோனார் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கணக்கர் அவரைவிடப் பத்து வயது சின்னவர். அவரை நான் 'தம்பி, வாங்க' என்பேன். நேற்று வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளைக்கூட 'வாம்மா, போம்மா' என்பேன். இவரை மட்டும் 'ஏலே'. எங்கள் பக்கத்தில் ஏலே என்பது சேக்காளிகளுக்குள் பிரியமான வார்த்தைதான். ஆனால் அவர் ஒருநாளும் என்னை ஏலே என்று திருப்பிக் கூப்பிட்டதில்லை. அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டார். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் போகிற பிரியம் என்ன பிரியம் என்று நான் யோசித்ததில்லை. இதை எழுதும்போது 'அவர்' என்று வருகிறது. பேசும்போது ஒருநாளும் வந்ததில்லை.

இப்படிப்பட்ட ஆளுக்கு என்ன பேர் என்று நோட்டில் ஒரு பக்கமே எழுதி வைத்திருந்தேன். கொத்தனாருக்குப் பக்கத்தில் நிற்பவர் கையாள். மாலத்தீவுக்குப் போகிற தோணியில் சோறும் பொங்கி, பாத்திரமும் கழுவி, ஆள் குறைந்தால் கயிறும் இழுப்பவர் பண்டாரி. எங்கள் ஆபீசில் டைப் அடிக்கிற பெண் ஒருத்தி வேதக்காரி, கிறிஸ்தவப் பெண். அவள் வீட்டில் அடுப்படிக்குக் குசினி என்றுதான் பேச்சு. அங்கே சமைக்க, துடைக்க, கடைக்குப் போக என்று எல்லாவற்றுக்கும் நிற்கிற அம்மாளுக்குக் குசினிக்காரி என்று பேர். இந்தக் காலத்துப் பிள்ளைகள் 'ஆல்ரவுண்டர்' என்கிறார்கள். எல்லாவற்றுக்கும் கீழே இரண்டு கோடு போட்டு ஒரு வார்த்தை எழுதியிருந்தேன்: எடுபிடி.

அந்த வார்த்தையில் எனக்கு ஒரு மோகம் வந்துவிட்டது. சமையல்காரர் என்றால் அதில் ஒரு ஆள் இருக்கிறார். வண்டிக்காரர், காவல்காரர், எழுத்தர் என்று எதிலும் கடைசியில் ஒரு மனிதர் நிற்கிறார். எடுபிடி என்பதில் 'எடு' என்று ஒரு உத்தரவு, 'பிடி' என்று ஒரு உத்தரவு. உத்தரவு போடுகிறவனின் குரல் கேட்கிறது, செய்கிறவர் எங்கேயும் இல்லை. இதைக் கண்டுபிடித்தபோது தங்கக்காசு கிடைத்த மாதிரி இருந்தது. எங்கே செலவழிக்கலாம் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

ஆயுத பூஜை வந்தது. பத்திரிகைத் தாளோடு அவர் என் முன்னால் நின்ற அந்த மதியத்துக்கு இரண்டு வருஷம் முந்தி.

அன்றைக்கு எங்கள் ஆபீசில் அவரவர் புழங்குகிற சாமானை அவரவரே துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் கொண்டுவந்து வைப்பது வழக்கம். கணக்கர் கால்குலேட்டரை வைப்பார். டைப் அடிக்கிற பெண்கள் கீபோர்டைக் கழற்றிக்கொண்டு வருவார்கள். வேதக்காரப் பெண்ணும் கொண்டுவருவாள், பொட்டு மட்டும் வைக்க மாட்டாள், பொரியை இரண்டு பங்காக வாங்கிக்கொள்வாள். யார்டுக்குப் போகிறவர்கள் கன்டெய்னர் சீலை வெட்டுகிற நீளக் கத்தரியை வைப்பார்கள். முதலாளி ரப்பர் ஸ்டாம்பை வைப்பார். நான் பேனாவும் நோட்டும். கீழே தெருவில் காருக்கும் பைக்குகளுக்கும் மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்கள். சாமானெல்லாம் வந்து சேர்ந்ததும், தீபாராதனைக்கு முன்னால் நான் நாலு வார்த்தை பேச வேண்டும். அதுவும் வழக்கமாகிவிட்டிருந்தது.

அந்த வருஷம் தங்கக்காசைச் செலவழித்தேன்.

"கால்குலேட்டர் வந்தாச்சு, கீபோர்டு வந்தாச்சு, கத்தரி வந்தாச்சு. நம்ம ஆளு எத வைப்பான்? இவனுக்கு ஆயுதமே கிடையாது. ஏன்னா இவனே நம்ம எல்லாருக்கும் ஆயுதம்லா" என்று ஆரம்பித்தேன். சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்துவிட்டால் என்னை நிறுத்த முடியாது. எடு, பிடி என்று இரண்டு உத்தரவையும் பிரித்துக் காட்டினேன். 'எடு' என்று ஒரு பக்கம் கையை நீட்டி, 'பிடி' என்று மறு பக்கம் நீட்டி நடித்தும் காட்டினேன். முதலாளி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அதோடு உட்கார்ந்திருக்கலாம். தட்டில் மிச்சம் இருந்த சந்தனத்தைத் தொட்டு, மிஷினுக்கு வைப்பது போல அவருடைய நெற்றியிலும் இரண்டு மணிக்கட்டிலும் வைத்தேன். காதில் ஒரு சாமந்திப் பூ. வண்டிகளுக்குப் போக இரண்டு எலுமிச்சம்பழம் மீந்திருந்தது. அதை எடுத்து அவருடைய காலடியில் பக்கத்துக்கு ஒன்றாக வைத்து, "நசுக்குலே, வண்டி கிளம்பட்டும்" என்றேன்.

பின்னாலிருந்து யாரோ வாயால் ஹாரன் அடித்தார்கள். அவர் சிரித்தார். வலது காலால் ஒன்றை நசுக்கினார், இடது காலால் ஒன்றை நசுக்கினார். கைதட்டல் அடங்குவதற்குள் உள்ளே போய் ஈரத்துணி கொண்டுவந்து, தரையில் சிதறிய சாற்றையும் விதையையும் துடைத்தார். தரை துடைப்பது அவர் வேலைதானே.

யாரோ அதைப் போனில் எடுத்திருந்தார்கள். மூன்று நிமிஷம்கூட வராத வீடியோ. ஆபீஸ் குரூப்பில் போட்டார்கள். அங்கிருந்து மற்ற ஆபீஸ்காரர்களின் குரூப், லாரிக்காரர்களின் குரூப் என்று போய்விட்டது. அடுத்த வாரம் துறைமுக வாசலில் காவலாளி, "என்ன எடுபிடி, எலுமிச்சம்பழம் எங்க?" என்று கேட்டாராம். எடைமேடையில் நிற்கிறவர்கள் இவர் பைக் சீட்டில் ஒரு பழத்தை வைத்துவிட்டு ஒளிந்து நின்று பார்த்தார்களாம். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவரேதான் வந்து சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சேர்ந்து சிரித்தேன். அன்று நோட்டில் எழுதியிருக்கிறேன்: 'நான் வைத்த பேர் ஹார்பர் முழுக்க ஓடுகிறது.' அப்படியே, அதே வார்த்தைகள். கீழே தேதியும் போட்டிருக்கிறேன்.

ஒரு வருஷத்துக்குள் அவருடைய சொந்தப் பெயர் துறைமுகத்தில் யாருக்கும் வேண்டாததாகிவிட்டது. புதிதாக வந்தவர்களுக்கு அப்படி ஒரு பெயர் இருப்பதே தெரியாது.

இத்தனைக்குப் பிறகுதான் அன்று மதியம் என் மேசைக்கு வந்து, பேருக்குக் கீழே என்ன போடலாம் என்று கேட்டு நின்றார்.

நான் ஜோராக எழுத ஆரம்பித்தேன். 'அலுவலக உதவியாளர்' என்று முதலில் எழுதினேன். அது எனக்கே சப்பென்று இருந்தது. 'பொது மேற்பார்வையாளர்' என்று எழுதினேன். 'களப்பணி மேலாளர்.' கடைசியாக, 'துறைமுகத் தொடர்பு அலுவலர்.' நாலையும் குரலை ஏற்றி இறக்கி வாசித்துக் காட்டினேன். கல்யாண வீட்டில் பத்திரிகையைக் கையில் வாங்குகிறவன் அந்த வரியைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பான் என்றேன்.

அவர் தாளைப் பார்த்தார். "இதுல எது உள்ளது அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"உள்ளது எதுக்குலே? பாக்க லட்சணமா இருக்கணும்லா."

"உள்ளதாத்தான் இருக்கணும். அவிய வந்து விசாரிச்சிட்டுப் போயிட்டாவ."

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. யார் வந்தார்கள், எங்கே விசாரித்தார்கள் என்று கதை கேட்கிற ஆசையில் கேட்டேன். அவர் நின்றபடியே சொன்னார். ஒரு மூன்றாம் மனிதருக்கு நடந்ததைச் சொல்வது போலச் சொன்னார்.

பெண்ணையும் பையனையும் இரண்டு வீட்டாருக்கும் பிடித்துப்போய்ப் பூ வைக்க நாள் பார்த்தாகிவிட்டது. பெண் ஒரு லேபில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை பார்த்தது. மாப்பிள்ளை தகப்பனாரோடு கடையில் இருந்தார். எங்கள் பக்கத்தில் சம்பந்தம் முடிவதற்கு முன்னால் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு தடவை வந்து அக்கம்பக்கத்தில் கேட்டுவிட்டுப் போவது உண்டு. அதில் தப்பு ஒன்றும் இல்லை, எல்லாரும் செய்வதுதான். மாப்பிள்ளையின் தகப்பனார் முந்தின வாரம் சரக்கு எடுக்கத் தூத்துக்குடி வந்தவர், அப்படியே பஸ் பிடித்துத் துறைமுக வாசலுக்குப் போயிருக்கிறார். இவருடைய பெயரைச் சொல்லி, இந்த ஆபீஸ்காரர், தெரியுமா என்று கேட்டிருக்கிறார். யாருக்கும் தெரியவில்லை. பத்தொன்பது வருஷமாக ஒரு நாளைக்கு நாலு தடவை அந்த வாசலைத் தாண்டுகிற மனிதரைத் தெரியவில்லை என்றிருக்கிறார்கள். ஆள் இப்படி இருப்பார், பழைய பைக் வைத்திருப்பார் என்று அடையாளம் சொன்ன பிறகு காவலாளி, "யாரு, நம்ம எடுபிடியா?" என்று கேட்டுவிட்டு, இருங்க காட்டுறேன் என்று போனை எடுத்து அந்த வீடியோவைப் போட்டுக் காட்டியிருக்கிறார். நல்ல மனதோடுதான் காட்டியிருக்கிறார். 'தங்கமான ஆளு' என்றும் சொன்னாராம்.

மாப்பிள்ளையின் தகப்பனார் வீடியோவைத் தன் போனுக்கு வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். சாயங்காலம் அதை இவருக்கே அனுப்பி, பின்னாலேயே கூப்பிட்டு, "இது நீங்கதானா?" என்று கேட்டிருக்கிறார். இவர் ஆமாம் என்றிருக்கிறார். பிறகு, பத்திரிகையில் பேருக்குக் கீழே என்ன போடப் போகிறீர்கள், எங்கள் ஆட்கள் எல்லாரும் அதை வாசிப்பார்கள், போட்டதை எனக்கு ஒரு தடவை காட்டிவிட்டு அச்சடியுங்கள், பார்த்துவிட்டுச் சொல்லுகிறேன் என்று வைத்துவிட்டாராம்.

"பாத்துட்டுச் சொல்லுதேன்னா, எத சொல்லுதேன்னாவ, பத்திரிகையவா, கல்யாணத்தையான்னு எனக்குப் புரியல அண்ணாச்சி. திரும்பக் கேக்கவும் பயமா இருந்துச்சு" என்றார். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. மகளுக்கும் தெரியாது.

அந்த வரி உண்மையில் எதைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவருடைய குரலில் என் மேல் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். இல்லை. எந்த வீடியோ என்று நான் கேட்டது இன்னும் கேவலம். தெரியாதவன் மாதிரி கேட்டேன். அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, அதைப் போட்டு, என் கையில் கொடுத்தார்.

அந்த வீடியோவை நான் ஐம்பது தடவையாவது பார்த்திருப்பேன். பார்த்ததெல்லாம் என்னைத்தான். எங்கே சிரிப்பு வந்தது, எங்கே கைதட்டினார்கள், 'பிடி' என்னும்போது கையை எவ்வளவு தூரம் நீட்டினேன் என்று. அன்றைக்கு அவருடைய போனில், அவர் எதிரே நிற்க, முதல் தடவையாக அவரைப் பார்த்தேன்.

ஆரம்பத்தில், நான் வாயைத் திறப்பதற்குச் சற்று முன்னால், கூட்டத்தின் ஓரத்திலிருந்து அவர் ஒரு அடி முன்னால் வருகிறார். இரண்டு கையிலும் ஏந்தினாற்போல ஒரு மடித்த துண்டு. வெளுத்த, சுத்தமான துண்டு. படத்துக்குப் பக்கத்தில் வந்ததும் அதன் ஒரு முனையை விலக்குகிறார். உள்ளே சிவப்புப் பிடி போட்ட ஒரு கட்டிங் பிளேயர், ஒரு டெஸ்டர், ஒரு ஸ்பேனர். மூன்றிலும் சந்தனப் பொட்டும் அதன் நடுவில் குங்குமமும் இருக்கின்றன. கீழே வைக்கக் குனிகிறார். அந்த நேரத்தில் என் குரல் வருகிறது: 'இவனுக்கு ஆயுதமே கிடையாது.' சிரிப்புச் சத்தம். அவர் நிமிர்கிறார். துண்டின் முனையைத் திரும்ப மூடுகிறார். சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொள்கிறார். அதற்குப் பிறகு நான் நெற்றியில் சந்தனம் வைக்கும்போதும், பூ வைக்கும்போதும், எலுமிச்சம்பழத்தை நசுக்கும்போதும் அந்தத் துண்டு அவருடைய அக்குளிலேயே இருக்கிறது. மணிக்கட்டில் பொட்டு வைக்க நான் கையைப் பிடித்து இழுக்கிறேன். துண்டு விழுந்துவிடாமல் அவர் முழங்கையை ஒட்டி வைத்துக்கொள்கிறார். அதுவும் தெரிகிறது.

"இது என்னது?" என்று கேட்டேன்.

"பிளேயரு. மக அவ முதச் சம்பளத்துல வாங்கித் தந்தா. பொட்டும் அவதான் வச்சுக் குடுத்தா, எல்லாரும் வைக்கும்போது நீங்களும் வையுங்கப்பான்னு."

"அப்பவே சொல்லிருக்கலாம்லா" என்றேன்.

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். யார் பேச விட்டார்கள் அவரை? அதற்கு முந்தின பதினேழு ஆயுத பூஜையிலும் அவர் எதையும் வைத்ததில்லை. அதைக்கூட நாங்கள் யாரும் கவனித்ததில்லை. ஆபீஸ் தரையைக் கழுவி, படத்துக்கு முன்னால் வாழை இலை விரித்து, பூஜை முடிந்ததும் பொரியைக் கூறு போட்டுப் பொட்டலம் கட்டுவது அவர். அந்த ஒரு வருஷம்தான் தனக்கென்று ஒன்றைக் கொண்டுவந்தார். அன்றைக்குத்தான் நான் கண்டுபிடித்த வார்த்தை என் வாயில் நமைச்சல் எடுத்தது.

எடுபிடி என்ற சொல்லில் செய்கிறவர் இல்லை என்று கண்டுபிடித்த நான், அதைச் சொல்லி அழுதிருக்க வேண்டும். சொல்லிச் சிரிக்க வைத்தேன். அதில் அவர் இல்லாமல் இருந்தது எனக்கு வசதியாகவும் இருந்தது. இப்போது யோசித்தால், எங்களில் ஒருவரும் அவரை 'எடுபிடி' என்று கெட்ட எண்ணத்தோடு கூப்பிட்டதில்லை. பிரியத்தோடுதான் கூப்பிட்டோம். ஆனால் முதலாளியின் தகப்பனாருக்கு நடை தள்ளாடுகிறது, யாரும் அதை வைத்து அவருக்குப் பேர் வைக்கவில்லை. கணக்கருக்கு வாய் திக்கும், அவருக்கும் வைக்கவில்லை. பேர் வைத்து விளையாட எங்களுக்குக் கிடைத்தவர் இவர்தான், ஏனென்றால் விளையாட்டு முடிந்ததும் தரையையும் இவரே துடைத்துவிடுவார்.

நான் எழுந்தேன். இப்போதே சாத்தான்குளம் போகிறேன், மாப்பிள்ளையின் தகப்பனார் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன், தப்பு முழுக்க என் மேல் என்று பேசிச் சரிபண்ணிவிட்டு வருகிறேன், பேச எனக்கா தெரியாது என்றேன். சொல்லும்போதே அந்தப் பேச்சை மனசுக்குள் எழுதவும் ஆரம்பித்துவிட்டேன். எங்கே தொடங்குவது, எந்த இடத்தில் அவர் கண்ணில் தண்ணீர் வரும் என்று. என் புத்தி அது.

"வேண்டாம் அண்ணாச்சி" என்றார். "நீங்க பேசுனா நல்லாத்தான் பேசுவிய."

அதில் குத்தல் இல்லை. உள்ளதைச் சொன்னார்.

நான் உட்கார்ந்துவிட்டேன். தாள் என் முன்னால் கிடந்தது. ஒரு சரியான வார்த்தைக்காக என் தலைக்குள் இருக்கிற எல்லாப் பக்கங்களையும் புரட்டினேன். நோட்டையும் எடுத்துப் புரட்டினேன். பைக்கில் ஓடி, கண்ணாடி சரிபண்ணி, கிழவரைக் கைப்பிடித்து உட்கார வைத்து, எங்கள் எல்லாருக்கும் நாள் தவறாமல் கதவைத் திறந்து வைத்த ஒரு மனிதருக்கு, கேட்கிறவர் தலைகுனியாத ஒரு வார்த்தை. ஒன்றுகூடச் சிக்கவில்லை. எனக்கு மேலே மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கச் சொல்லி அன்று காலையில்தான் அவரிடம் சொல்லியிருந்தேன். ஏலே என்றுதான் கூப்பிட்டுச் சொல்லியிருந்தேன்.

கல்யாணம் தை மாதம் சாயர்புரத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. நான் போனேன், கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அண்ணாச்சி நாலு வார்த்தை வாழ்த்திப் பேசுங்க என்று எங்கள் ஆபீஸ்காரர்கள் மைக்கைக் கொண்டுவந்தார்கள். தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டேன். மேடையில் மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் நின்றபோது அவள் சிரித்து, "வாங்க பெரியப்பா" என்றாள். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. அவள் முகத்தை நேராகப் பார்க்க என்னால் முடியவில்லை. வீடியோவை என் போனிலிருந்து அழித்துவிட்டேன். மற்றவர்கள் போனிலிருந்து எப்படி அழிப்பது? இன்றைக்கும் துறைமுக வாசலில் போய் அந்த வார்த்தையைச் சொன்னால் அவரைக் காட்டுவார்கள். நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை. கிழித்தால் எனக்கு மறந்துபோகும்.

அன்று மதியம் நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்த நேரத்தில், அவர் என் மேசைக்கு எதிரே கிடந்த நாற்காலியை இழுத்தார். வெளியாட்கள் வந்தால் உட்காருகிற நாற்காலி. அதை அவர் தினமும் துடைத்துப் பார்த்திருக்கிறேன், உட்கார்ந்து பார்த்ததில்லை. உட்கார்ந்தார். என் கையிலிருந்து போனை வாங்கி, சாத்தான்குளத்து நம்பரைத் தேடி, காதில் வைத்தார்.

"அண்ணாச்சி, நான்தான். பத்திரிகை விஷயமாத்தான் கூப்பிட்டேன். எம் பேருக்குக் கீழ ஒண்ணும் போடல. பேரு மட்டும்தான். என்ன வேல பாக்காருன்னு உங்க ஆளுவ யாரும் கேட்டாவன்னா, எங்கிட்ட அனுப்பி விடுங்க. என்னென்ன பாக்கேன்னு நானே உக்காந்து சொல்லுதேன். கொஞ்ச நேரம் ஆவும், பாத்துக்கிடுங்க. வேல அவ்வளவு இருக்கு."

அந்தப் பக்கம் என்ன பதில் வந்தது என்று எனக்குக் கேட்கவில்லை. கொஞ்சம் நீளமான பதில். அவர் மூன்று தடவை 'சரி' என்றார், மூன்றும் வேறு வேறு மாதிரி இருந்தன. பத்திரிகை அச்சாகி வந்தபோது பார்த்தேன்: மாப்பிள்ளையின் தகப்பனார் பெயருக்குக் கீழேயும் ஒன்றும் இல்லை. பலசரக்கு வியாபாரத்தை அவரும் எடுத்துவிடச் சொல்லியிருக்கிறார்.

போனைப் பையில் வைத்துவிட்டு, அவர் என் பேனாவை எடுத்தார். நான் எழுதியிருந்த நாலு பட்டத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக அடித்தார். அவசரப்படவில்லை, ஒவ்வொரு வார்த்தைக்கும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஒரு கோடு. பிறகு தன் பெயருக்குக் கீழே இருந்த புள்ளிகளின் மேல் ஒரு கோடு. பேனாவை மூடி என் பக்கமாக வைத்தார். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து, நாற்காலியை இழுத்த இடத்திலேயே விட்டுவிட்டு, அச்சகத்துக்குப் படியிறங்கிப் போனார்.